யானை பார்க்கப் போனோம்

“ஆனையைக் காசு குடுத்துப் பாக்கப் போறியோ? பின்வளவுக்குள்ள ரெண்டு இரவு முழிச்சிருந்தால் சும்மா பாக்கலாமே!”

பின்னவலவுக்குப் போகப் போகிறோம் என்று சொன்னபோது அந்தத் தாய்க்கு அயலவர்கள் சொன்ன பகிடி இது. பகிடியில் உண்மை இல்லாமலும் இல்லை. வன்னியின் காட்டோரக் கிராமங்களில் வாழும் சகோதரிகளுக்கு யானை என்றால் என்னவென்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. மீளக்குடியேறிய கையோடு நட்ட தென்னம்பிள்ளைக்கு வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றி, அது பாளை விடுகிற காலத்தில், ஒரே இரவில் குருத்தோடு பிடுங்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டவர்கள் நீங்கள்.

ஆனால் அந்த வீட்டுச் சிறுவன் மட்டும் யானையைக் கண்டதே இல்லை. யானை வருகிற இரவுகளில் ஊரவர்கள் யானைவெடி கொளுத்துவார்கள். முதல் வெடி கேட்டதுமே அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். விடியும் வரை வெளியே வரமாட்டான். தாயும் அவனருகே நிலத்தில் படுத்துக்கொள்வார். “எனக்கும் அந்தச் சத்தம் ஒத்துவராது தங்கச்சி. அவனைச் சாட்டி நானும் கீழ போறது” என்று ஒருமுறை என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். தாயை நான் அழைப்பது போல அக்கா என்று எழுதுகிறேன். “பேர் வேண்டாம், விசயத்தை எழுதுங்கோ” என்பது அவர் சொன்ன சொல். தம்பிக்கு அப்போது பத்து வயது. ஓட்டிசம் என்று வைத்தியர்கள் சொன்னது அவனது நான்காவது வயதில். சில சொற்கள் மட்டும் பேசுவான். கேட்ட வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவான். பொருட்களை வரிசையாக அடுக்குவான்; யாராவது ஒன்றை எடுத்தால் வீடு இரண்டாகும். பிள்ளையின் நிலைமை தெரிய வந்த அடுத்த வருடமே தகப்பன் வேறிடம் போய்விட்டார். அதைப் பற்றி அக்கா அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அந்தத் தம்பிக்கு யானையில் அப்படியொரு விருப்பம். எங்கிருந்து வந்ததென்றால், சோடாப் போத்தலில் ஒட்டியிருக்கும் யானைப் படத்திலிருந்து. தெருவோரத்திலும் கடை வாசலிலும் கிடக்கும் வெற்றுப் போத்தல்களைப் பொறுக்கி, லேபலைக் கவனமாக உரித்து, தண்ணீரில் கழுவி, அறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தான். எல்லா யானையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நான் முதன்முறை அந்த வீட்டுக்குப் போனபோது அவன் என் கையைப் பிடித்துச் சுவரண்டை கூட்டிப்போய், என் விரலை ஒவ்வொரு யானையிலும் வைத்து வைத்து எடுத்தான். எண்ணிக்கொண்டு வந்தேன், அறுபத்து மூன்று இருந்தன.

“உயிரோட ஒருக்கால் காட்டவேணும் தங்கச்சி” என்றார் அக்கா.

இதைக் கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அக்கா ஆறு வருடங்களாக ஆஸ்பத்திரிக்கும் பாடசாலையின் விசேட கல்வி அலகுக்கும் தவிர எங்குமே போகாதவர். உறவினர் கலியாண வீடொன்றில், மேளம் தொடங்கியதும் தம்பி கத்திக்கொண்டு மணவறைப் பக்கம் ஓடியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்திருக்கிறார்கள். அடுத்த விசேடத்திற்கு அழைக்க வந்த ஒன்றுவிட்ட அண்ணி, “நீ வா, அவனை எங்கையாவது விட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பிறகு கோயில் திருவிழாவுக்கும் போவதில்லை. எமது பிரதேசத்தில் நான் வேலை செய்யும் குடும்பங்களில் இப்படி வீட்டோடு முடங்கிய தாய்மார் இன்னும் பலர் உள்ளனர். போரில் கால் இழந்த ஒருவர் சந்தைக்கு வந்தால் வழிவிடத் தெரிந்த எங்கள் சமூகத்துக்கு, கையும் காலும் நன்றாயிருக்கிற ஒரு பிள்ளை ஏன் நடுச்சந்தையில் கத்துகிறான் என்பது இன்னும் விளங்கவில்லை. “வளர்ப்புச் சரியில்லை” என்று தாயின் தலையில் போட்டுவிட்டு நடந்துவிடுகிறார்கள்.

சரி, போவோம் என்று முடிவெடுத்தோம். அக்கா, தம்பி, நான், வான் ஓட்டும் அண்ணன், இவ்வளவு பேர்தான். க.பொ.த. உயர்தரம் படிக்கும் மூத்த மகள் வகுப்பு இருக்கிறது என்று வரவில்லை. அம்மாவும் தம்பியும் தனியே எங்காவது போய்வரட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம், எனக்கு அப்படித்தான் பட்டது.

ஆயத்தங்களை நான் நன்றாகச் செய்ததாகவே நினைத்தேன். வான், ரிக்கெற் கவுண்டர், யானை, ஆறு, சாப்பாடு, மீண்டும் வான், வீடு என்று படங்களை வெட்டி ஒரு மட்டையில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன். அடுத்தது என்ன என்று தெரிந்தால் இப்படியான பிள்ளைகளின் பதற்றம் குறையும். ஒரு வாரமாக இரவில் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான். அரிவாலைகளில் சத்தத்துக்குக் காதில் மாட்டுகிற காதுமூடி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். முதலில் எறிந்தான், மூன்றாம் நாள் தானே எடுத்து மாட்டினான். மாற்றுடுப்பு, அவன் சாப்பிடும் வெள்ளைச் சோறும் பொரித்த முட்டையும், தண்ணீர், எல்லாம் எடுத்தோம்.

விட்ட பிழை ஒன்றே ஒன்று. அது என்னுடையது. நாள்.

வான் கிடைக்கும் நாளையும் எனக்கு விடுமுறை கிடைக்கும் நாளையும் பொருத்திப் பார்த்து 2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை என்று தீர்மானித்தேன். மறுநாள் நிக்கினிப் போயா. அது பாடசாலை விடுமுறைக் காலம். அத்தோடு கண்டி எசல பெரஹராவின் கடைசி நாட்கள். தெற்கிலிருந்து கண்டிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி வழியில் பின்னவலவில் இறங்கும் என்பதை, சமூகவியல் படித்த நான், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே யோசிக்காமல் விட்டேன்.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, குருநாகல், பொல்கஹவெல. தம்பி மதவாச்சி வரை தூங்கினான். பிறகு மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வான் படத்தின் மேல் விரலை வைத்தபடி இருந்தான். ஓமந்தையைக் கடக்கும்போது அக்கா வெளியே எட்டிப் பார்த்தார். “இதிலதான் எங்களை இறக்கி மறுபடி ஏத்தினவங்கள்” என்றார். இருட்டில் எதுவும் தெரியவில்லை. தம்புள்ளைக்குத் தெற்கே அவர் அதற்கு முன் வந்ததேயில்லை.

பின்னவல, கேகாலை மாவட்டத்தில் றம்புக்கனைக்கு அருகே உள்ள கிராமம். யானைகள் அநாதை இல்லம் 1975 ஆம் ஆண்டு ஒரு தென்னந்தோட்டத்தில் ஆரம்பிக்கப்பட்டது. தாயை இழந்தும், கூட்டத்தைப் பிரிந்தும், பாழுங்கிணற்றில் விழுந்தும் கிடந்த குட்டிகளைக் கொண்டுவந்து வளர்ப்பதே அன்றைய நோக்கம். வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கியதை 1978 இல் தேசிய விலங்கியல் பூங்காவின் கீழ் கொண்டுவந்தார்கள். 1984 இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. 2021 இல் ஒரு பெண் யானை இரட்டைக் குட்டிகளை ஈன்ற செய்தியைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இப்போது அறுபது, எழுபது யானைகள் வரை இருக்கின்றன. அநாதை இல்லம் என்ற பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. இங்கேயே பிறந்து, தாயோடும் பெரியம்மாமாரோடும் திரிகிற குட்டிகளுக்கும் அதே பெயர்தான். இல்லங்களில் பிள்ளைகளை விட்டிருக்கும் தாய்மாரோடு வேலை செய்கிற எனக்கு அந்தப் பலகையைக் கண்டதும் வேறு ஞாபகங்கள் வந்தன.

1995 இல் உடவளவையில் தொடங்கிய யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே வளர்க்கும் குட்டிகளை வளர்ந்ததும் காட்டிலே விடுகிறார்கள். பின்னவலவில் வளர்பவை பெரும்பாலும் மனிதரோடேயே இருந்துவிடுகின்றன. வழியில் இதையும், கண்ணிவெடியில் காலை இழந்து பின்னவலவுக்குக் கொண்டுவரப்பட்ட சமா என்ற பெண் யானையின் கதையையும் அக்காவுக்குச் சொன்னேன். மூன்று காலில் ஊன்றி ஊன்றி நடந்து பழகிய யானை அது.

“எந்தக் கால்?” என்று கேட்டார்.

“முன்னங்கால்.”

“அப்ப நுனிக்கிளை எட்டாது” என்றார். சிறிது நேரம் கழித்து, “ஆரும் முறிச்சுக் குடுப்பினம்தானே” என்றும் சொன்னார்.

காலை ஒன்பதரைக்கு இறங்கியபோதே வாகனங்கள் பிரதான வீதியில் இரு பக்கமும் நிறைந்திருந்தன. ரிக்கெற் எடுக்க நீண்ட வரிசை. அக்கா வரிசையைக் கண்டதும் தம்பியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். கையை அல்ல, மணிக்கட்டை. “கை எண்டால் வழுக்கும்” என்று, நான் கேட்காமலே சொன்னார். 2009 இல் இரண்டு வயது மூத்த மகளோடு எத்தனையோ வரிசைகளில் நின்று பழகிய பிடி அது. தம்பிக்கோ இறுகப் பிடித்தால் ஆகாது. அவன் கையை இழுக்க, அவர் இன்னும் இறுக்க, வரிசை ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தது. இருவரையும் மரநிழலில் இருத்திவிட்டு நான் மட்டும் வரிசையில் நின்றிருக்கலாம். அந்தச் சின்ன விஷயம் கூட அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

வலது குறைந்தோருக்கான சட்டங்கள் எங்கள் நாட்டில் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா அவற்றுக்காக நீதிமன்றம் வரை போனார். 2011 இல் உயர் நீதிமன்றம் உத்தரவும் பிறப்பித்தது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனாலும் சாய்தளம், கைப்பிடி, அகலமான கதவு என்பவற்றைத்தான் ‘வசதி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சத்தம் தாங்காத ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஓர் அமைதியான மூலையும் வரிசையில் நிற்காமல் போக ஒரு வழியும். அதற்குச் சீமெந்துகூடத் தேவையில்லை.

பின்னவலவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மிகப் பெரிய காட்சி யானைகள் குளிக்கப் போவதுதான். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் யானைக் கூட்டம் பிரதான வீதியைக் கடந்து, எதிரே உள்ள ஒடுங்கிய தெருவொன்றின் வழியாக மகா ஓயா ஆற்றுக்கு இறங்கும். தெருவின் இரு பக்கமும் கடைகள். பற்றிக் துணி, முகமூடி, தோல் பை, யானைச் சாணத்தில் செய்த கடதாசி. யானைகள் வரும்போது சனங்கள் கடைப் படிகளில் ஏறி ஒதுங்கி நிற்க வேண்டும்.

நாங்கள் அந்தத் தெருவின் நடுப்பகுதியில் நின்றுவிட்டோம். முன்னே போகவும் இடமில்லை, பின்னே வரவும் இடமில்லை. விசில் ஊதினார்கள். காவலாளிகள் சிங்களத்தில் “அயின் வென்ன, அயின் வென்ன” என்று கத்தினார்கள். ஒரு கடையில் வானொலி பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தது. யாருடைய குடையோ தம்பியின் காதுமூடியைத் தட்டிவிட்டது. அது விழுந்த இடம் தெரியவில்லை.

தம்பி அலறினான். பிறகு நடுத்தெருவில் குப்புறப் படுத்துவிட்டான்.

அந்த நேரத்தில் அக்கா செய்ததை நான் மறக்கமாட்டேன். அவர் குனிந்து அவனுடைய வாயைப் பொத்தினார். உள்ளங்கையால், முழு வாயையும். ஏன் என்று உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளை அழுதால் என்ன செய்தீர்களோ அதுதான். பதினைந்து வருடமாகியும் அந்தக் கை அதை மறக்கவில்லை. மூச்சு முட்டிய பிள்ளை இன்னும் பலமாக உதைத்தான். நான் அக்காவின் கையை இழுத்து எடுத்தேன். அவர் என்னை ஒரு கணம் யாரோ என்பது போலப் பார்த்துவிட்டு, தன் கையைப் பார்த்தார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், “ரெண்டு அடி போட்டால் எழும்புவான்” என்று சிங்களத்தில் சொன்னார். இரண்டு பேர் தொலைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். தெருவின் மேல் முனையில் முதல் யானையின் நெற்றி தெரிந்தது. எனக்குக் கை கால் நடுங்கியது. “சமாவென்ன, ளமயாட்ட அசனீபய், சமாவென்ன” என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே அவனைத் தூக்க முயன்றேன். பத்து வயதுப் பிள்ளை, படுத்துக் கிடக்கையில் கல்லுப் போலப் பாரம். வான் ஓட்டும் அண்ணன் எங்கிருந்தோ வந்து காலைப் பிடித்தார். நாங்கள் மூவருமாகத் தூக்கிப் பக்கத்துக் கடைக்குள் புகுந்தோம்.

அது கடதாசிக் கடை. அங்கிருந்த பெண்மணி எதுவும் கேட்கவில்லை. முதலில் வானொலியை நிறுத்தினார். மேசையைத் தள்ளி அதன் பின்னால் இடம் விட்டார். கதவுச் சீலையை இழுத்து மூடினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பாராமல், வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சீலையின் அந்தப் பக்கம் யானைகள் போய்க்கொண்டிருந்தன. சங்கிலிச் சத்தம், பாதங்கள் நிலத்தில் படுகிற மெத்தென்ற ஓசை, சனங்களின் ஆரவாரம், எல்லாம் கேட்டது. அறுபத்து மூன்று யானைப் படம் ஒட்டிய பிள்ளை மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். யானைவெடி வெடிக்கிற இரவைப் போலவே அக்கா அவனருகே நிலத்தில் படுத்துக்கொண்டார்.

இருபது நிமிடமாவது போயிருக்கும். தெரு வெறுமையானது. தம்பியின் மூச்சுச் சீரானது. அந்தப் பெண்மணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் நன்றி சொல்ல, தலையை அசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா கேட்டார். குரல் தணிவாகத்தான் இருந்தது.

“தங்கச்சி, அங்க நிண்ட ஆக்களிட்டை என்ன சொன்னனீங்கள்?”

“பிள்ளைக்குச் சுகமில்லை, மன்னிக்கச் சொல்லிச் சொன்னனான் அக்கா.”

“சமாவென்ன எண்டால் எனக்கும் விளங்கும். முகாமிலையும் செக்பொயின்றிலையும் எத்தினை தரம் சொன்ன சொல்லு. ஏன் மன்னிப்புக் கேட்டனீங்கள்? இவன் ஆருக்கு என்ன செய்தவன்? அசனீபமோ? இவனுக்குக் காய்ச்சலோ?”

எனக்குப் பதில் வரவில்லை. விசேட தேவையுடைய பிள்ளைகளின் உரிமை என்று எத்தனையோ கிராமக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கையேடு எழுதியிருக்கிறேன். ஒரு நெருக்கடி வந்ததும் என் வாயிலிருந்து வந்தது மன்னிப்புத்தான். கூட்டத்துக்கு முன்னால் அவனை நோயாளியாக்கி இரக்கம் வாங்கப் பார்த்திருக்கிறேன். “வழி விடுங்கோ” என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கும் சிங்களத்தில் சொல் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

“பிழைதான் அக்கா” என்றேன்.

“நான் பொத்தினதும் பிழைதான்” என்றார் அவர். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

திரும்பிப் போவோமா என்று கேட்டேன். அக்கா தம்பியிடமே மட்டையைக் கொடுத்தார். மட்டை கசங்கியிருந்தது. அவன் அதை நிலத்தில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினான். வான் படத்தில் விரல் வைத்தால் வீடு. அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு ஆற்றில் விரலை வைத்தான்.

ஆற்றங்கரையில் படிகளிலும் பாறைகளிலும் சனம் நெருக்கமாக நின்றது. அங்கே போகவில்லை. ஆற்றைப் பார்த்தபடி மேல்மாடம் வைத்த உணவுச்சாலைகள் சில இருக்கின்றன. ஏதாவது வாங்கினால் இருந்து பார்க்கலாம். ஒன்றில் ஏறி, மூலை மேசை கேட்டோம். இரண்டு பிளேன்ரீயும் ஒரு கிறீம் சோடாவும் சொன்னோம். விலை எங்களூர் விலையை விடப் பல மடங்கு. ஆனால் அந்த மூலைக்கு அது தகும் என்று இப்போதும் சொல்வேன். ஒரு பக்கம் சுவர், முன்னால் கம்பி வேலி, கீழே ஆறு. யாரும் பின்னாலிருந்து இடிக்க முடியாது.

மகா ஓயா அந்த இடத்தில் அகலமாகவும் ஆழமின்றியும் ஓடுகிறது. நடுவே பெரிய கற்பாறைகள். யானைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. ஒன்று தண்ணீரில் பக்கவாட்டாகச் சரிந்து படுத்து, தும்பிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவந்து திரும்பவும் நுழைந்தது. எங்கள் தோட்டங்களை அழிக்கிற அதே மிருகந்தான். பகலில், பயமில்லாமல், உட்கார்ந்துகொண்டு அதைப் பார்ப்பது எனக்கும் புதிதாகத்தான் இருந்தது. சிலவற்றின் காலில் சங்கிலி கிடந்ததையும் கண்டோம். “இதுகளுக்கும் எல்லை இருக்கு” என்றார் அக்கா.

தம்பி வேலிக் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டான். முதல் ஐந்து நிமிடம் அசையவில்லை. பிறகு இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி வேகமாக உதறத் தொடங்கினான். நுனிவிரலில் நின்று நின்று எழும்பினான். பழக்கமில்லாதவர்கள் பார்த்தால் வலிப்பு என்று நினைப்பார்கள். அது அவனுடைய சந்தோசம். அடுத்த மேசையிலிருந்த வெளிநாட்டுத் தம்பதியர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கை தானாக அவன் தோளை நோக்கிப் போனது. பாதியில் நின்று, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டது. அவர்கள் பார்க்கட்டும் என்று நானும் பேசாமலிருந்தேன்.

சோடாப் போத்தலின் லேபலை அவன் வழக்கம் போல உரித்தான். கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். பிறகு அதைத் தாயின் மடியில் போட்டுவிட்டுத் திரும்பவும் கம்பியில் கன்னம் வைத்தான்.

“ஒண்டு... ரெண்டு... மூண்டு...” என்று எண்ணினான். யானைகள் அசைந்துகொண்டேயிருப்பதால் கணக்குக் குழம்பியது. சுவரில் ஒட்டிய யானை அப்படிச் செய்யாது. அவன் கோபப்படுவான் என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவன் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினான். எத்தனை தடவை என்று நான் பார்க்கவில்லை. வான் ஓட்டும் அண்ணன் சாப்பிட்டு வந்து, ஒரு நித்திரையும் கொண்டு எழும்பிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு யானைகளைத் திருப்பிக் கூட்டிப்போனார்கள். இம்முறை மேலே இருந்தபடியே பார்த்தோம். யானை போன பின் ஆறு வெறுமையாகத் தெரிந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றான், அழுதான், ஒரு கோப்பையைத் தட்டி உடைத்தான். கோப்பைக்குரிய காசைக் கொடுத்தோம். “மன்னிக்கவும்” என்று நான் சொல்லவில்லை, “எவ்வளவு?” என்று கேட்டேன். மட்டையில் சாப்பாட்டுப் படத்தைக் காட்டிக் காட்டி, கெஞ்சி, முக்கால் மணிநேரம் சென்றுதான் கீழே இறக்கினோம். அநாதை இல்லத்தின் உள்ளே குட்டிகளுக்குப் பால் கொடுப்பதையும், பலாக்குழை தின்கிற பெரிய யானைகளையும் பார்க்க ரிக்கெற் எடுத்திருந்தோம். போகவில்லை. இரண்டு மணிக் குளிப்புக்கும் நிற்கவில்லை. பின்னவலவில் பார்க்க வேண்டியதில் பாதியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

வானுக்குப் போகும் வழியில் அக்கா அந்தக் கடதாசிக் கடை வாசலில் நின்றார். கைப்பையிலிருந்து காசை எடுத்துச் சாணக் கடதாசிக் கொப்பியொன்று வாங்கினார். தம்பி அதை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தான். மணம் ஏதும் இல்லை. உள்ளே நாரும் தும்புமாகச் சொரசொரப்பாக இருந்த தாளைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டான். கடைப் பெண்மணி மேசைக்குக் கீழிருந்து எதையோ எடுத்து நீட்டினார். தெருவில் விழுந்த காதுமூடி. ஒரு பக்கம் கீறியிருந்தது. யாரோ கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குருநாகல் தாண்டியதும் தம்பி கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி தூங்கிப் போனான். அக்கா தூங்கவில்லை. தம்புள்ளையில் தேநீருக்கு இறங்கியபோது என்னிடம் கேட்டார்.

“போயா, லீவு இல்லாமல், நடுக்கிழமையிலை வந்தால் இவ்வளவு சனம் நிக்காது என்ன?”

“நிக்காது அக்கா.”

“அப்ப ரெண்டு மணிக் குளிப்பையும் பாக்கலாம்” என்றார். பிறகு வான் ஓட்டும் அண்ணனிடம் திரும்பி, புதன்கிழமைகளில் அவருக்கு ஓட்டம் இருக்கிறதா என்று விசாரித்தார்.